பழைய ஹாட் ராட் காரைக் காலத்தின் முகம் கெடாமல் சீரமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் 1930களின் பிற்பகுதியிலிருந்து 1950களின் நடுப்பகுதிவரை தெற்குக் கலிபோர்னியாவில் உருவான கார்களைப் பற்றியவை. எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் 1932ஆம் ஆண்டின் ஃபோர்டு ரோட்ஸ்டரையே (நிலையான கூரையில்லாத இரு கதவுக் கார்) எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தக் கலையின் தாய்வடிவம் அதுவே.

ஹாட் ராட் என்பது எவ்வகைக் கார்?

விலை மலிந்த பழைய காரை வாங்கி, அதன் எடையைக் குறைத்து, எஞ்சினின் வலுவைக் கூட்டி, வேகத்துக்காகச் சொந்தக் கையால் மாற்றியமைத்தால் அது ஹாட் ராட். ஃபோர்டு நிறுவனம் 1932 மார்ச் மாதத்தில் 221 கன அங்குலக் கொள்ளளவும் 65 குதிரைத்திறனும் கொண்ட வி-8 எஞ்சினைச் சாதாரண மக்களுக்கான காரில் பொருத்தி வெளியிட்டது. எட்டு சிலிண்டர் எஞ்சின் வசதி படைத்தவர்களின் கார்களுக்கே உரியதாக இருந்த காலம் அது. சில ஆண்டுகளில் இந்தக் கார்கள் இரண்டாம் கை விற்பனைக்கு வந்தபோது, கையில் அதிகம் பணமில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்கார்டுகளைக் கழற்றிவிட்டு, மோஹாவி பாலைவனத்தில் மியூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிச்சென்று வேகம் பார்த்தார்கள். வேகத்தை முறையாக அளந்து பதிவதற்காக 1937இல் தெற்குக் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் தோன்றியது. 1949இல் யூட்டா மாநிலத்தின் பானவில் உப்புப் படுகையில் முதல் வேக வாரம் நடந்தது. இடையில் வந்த உலகப் போர், இயந்திர வேலை பழகிய இளைஞர்களையும், மலிவாக விற்கப்பட்ட போர் விமானங்களின் உதிரிப் பொருள்களையும் இந்தக் கலைக்குக் கொடுத்துவிட்டுப் போனது. அலெக்ஸ் ஸைடியஸ் 1946இல் பர்பாங்கில் தொடங்கிய ஸோ-கால் ஸ்பீடு ஷாப்பின் புகழ்பெற்ற பந்தய வண்டியின் உடலே விமானத்தின் அடியில் தொங்கிய எரிபொருள் தொட்டிதான்.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திருப்புவதுதானே சீரமைப்பு? இதில் வேறென்ன இருக்கிறது?

மற்றப் பழைய கார்களுக்கு அந்த இலக்கணம் பொருந்தும். தொழிற்சாலையின் வரைபடமும் உதிரிப்பாகப் பட்டியலும் அங்கே மூலநூலாக நிற்கின்றன. ஹாட் ராட் விஷயத்திலோ, அந்த மூலத்தை அழித்தவர்தான் ஆசிரியர். மாற்றியமைக்கப்பட்ட 1932 ஃபோர்டுக்கு மட்கார்டுகளையும் கம்பித்தண்டால் இயங்கும் பிரேக்கையும் திரும்ப மாட்டினால் நல்லதொரு ஃபோர்டு கிடைக்கும். 1948இல் ஒருவர் இரவு இரவாக உழைத்துச் செய்த கார் காணாமற்போயிருக்கும்.

எதிர்த்திசைப் பிழை இன்னும் அதிகமாக நடக்கிறது. அந்தக் காரை அது ஒருபோதும் இருந்திராத அளவுக்கு அழகாக்கிவிடுகிறார்கள். பத்தொன்பது வயதுப் பையன் கேஸ் வெல்டிங்கில் போட்ட கோணலான தையலைச் சாணை பிடித்து வழவழப்பாக்குகிறார்கள். தவறான இடத்தில் துளையிட்டு அப்படியே விட்டுவைத்த தடத்தை அடைக்கிறார்கள். சுவடிகளைப் பதிப்பிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் பழக்கமானது. தமக்குப் புரியாத பாடத்தைத் திருத்திவிட்டு அச்சிடுகிற பதிப்பாசிரியர் நூலை மெருகேற்றிவிட்டதாக நினைக்கிறார். பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்து, ஏட்டில் இருந்ததை இருந்தபடி தருகிறவரிடம்தான் நூல் பிழைக்கிறது. ஹாட் ராட்டைச் சீரமைக்கிறவர் இரண்டாமவராக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

ஒரே கார் பலரிடம் கைமாறிப் பலமுறை மாற்றப்பட்டிருந்தால் எந்த ஆண்டின் தோற்றத்தைத் தேர்ந்தெடுப்பது?

இதுதான் மிகக் கடினமான கேள்வி. இதற்கு விடை காணாமல் ஸ்பானரைத் தொடக்கூடாது. 1941இல் முதன்முதல் மாற்றப்பட்டு, 1949இல் வேறு எஞ்சினும் வேறு வண்ணமும் பெற்று, 1957இல் இன்னொருவரிடம் போய் மீண்டும் உருமாறிய காரில் மூன்று கார்கள் அடங்கியிருக்கின்றன. மூன்றிலிருந்தும் பிடித்தவற்றைப் பொறுக்கிச் சேர்த்தால் எந்த நாளிலும் இருந்திராத நான்காவது கார் பிறக்கும்.

நாங்கள் மூன்றை எடைபோடுகிறோம். முதலாவது, எந்தக் கட்டத்துக்கு நிழற்படங்களும் நேரில் கண்டவர்களின் சாட்சியமும் அதிகம் கிடைக்கின்றன என்பது. இரண்டாவது, எந்தக் கட்டத்தின் பாகங்கள் இன்னும் காரிலேயே ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்பது. அரிய பாகம் காரில் இருக்கும்போது அதைக் கழற்றி எறிந்துவிட்டு, படத்தில் மட்டும் இருக்கும் பாகத்தைப் புதிதாகச் செய்து மாட்டுவது வீண்செலவு மட்டுமல்ல, சான்றை அழிப்பதுமாகும். மூன்றாவது, அந்தக் கார் எதற்காக நினைவுகூரப்படுகிறது என்பது. வேகப் பதிவு செய்த ஆண்டோ, பத்திரிகை அட்டையில் வந்த மாதமோ தெரிந்திருந்தால் அந்த நாளையே எல்லையாகக் கொள்வது நலம். முடிவெடுத்ததும் ஒரு நாளைத் தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு ஐயத்துக்கும் அந்தத் தாளே தீர்ப்புச் சொல்லும்.

இத்தகைய சீரமைப்புக்கு மதிப்புக் கூடியது அண்மைக் காலத்தில்தான். செல்வச் செழிப்பான பழைய கார்களின் அணிவகுப்பான பெபிள் பீச் விழா, ஹாட் ராட்களுக்கென்று 1997இல்தான் முதன்முதலாகத் தனிப் பிரிவு வைத்தது. அதில் முதலிடம் பெற்றது, டோன் ஸ்பென்சர் 1940களில் செதுக்கிய 1932 ரோட்ஸ்டர். அதுவரை இந்தக் கார்களைப் புதுப்பித்தவர்கள் அவரவர் காலத்து நாகரிகத்துக்கேற்ப மீண்டும் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஆகவே கைபடாத கார் இன்று அரிது.

காரைப் பார்த்தே எந்தப் பாகம் எந்தக் காலத்தது என்று கணிக்க முடியுமா?

பெருமளவு முடியும். முதலில் கருவிப்பலகையைப் பாருங்கள். ஏரிப் படுகையில் ஓடிய கார்களுக்கு நாளும் வேகமும் பொறித்த சிறு உலோகத் தகட்டைக் கொடுப்பது வழக்கம். தகடு போயிருந்தாலும் அதைத் திருகிய சிறு துளைகள் மிஞ்சியிருக்கும். பின்புறத்தில் உரிமையாளர் சேர்ந்திருந்த ஹாட் ராட் சங்கத்தின் அலுமினியப் பலகை தொங்கிய துளைகளும் அப்படியே.

அடுத்து, காலத்துக்கு ஒவ்வாதவற்றைத் தேடுங்கள். ஒயர்களைக் கட்டும் நைலான் பட்டை 1958இல் வந்த பொருள். 1949இன் கட்டமைப்பில் அது இருந்தால் பிற்காலத்தில் யாரோ கைவைத்திருக்கிறார்கள். ஆல்டர்னேட்டர் அமெரிக்கக் கார்களில் 1960 வாக்கில் வரத்தொடங்கியது. அதற்கு முன் டைனமோதான். ஃபோர்டு கார்கள் 1956 மாடலில்தான் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. நெளிவுகளை நிரப்ப இன்று பயன்படும் பிளாஸ்டிக் பட்டி 1950களின் நடுவில் வந்தது. அதற்கு முன் தகர வேலைக்காரர்கள் ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்றாசை உருக்கி, எண்ணெய் தடவிய மரத்துடுப்பால் தடவி நிரப்பினார்கள். வண்ணத்தை ஓரிடத்தில் சாய்வாகத் தேய்த்தால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல அடுக்குகள் தெரியும். எந்த அடுக்குக்கு அடியில் ஈயம், எந்த அடுக்குக்கு அடியில் பிளாஸ்டிக் என்று பார்த்தாலே வரலாறு பாதி புலப்படும். ஈயப் பொடி நஞ்சு என்பதால் முகமூடியின்றியும் உலர்ந்த நிலையிலும் இந்த வேலையைச் செய்யக்கூடாது.

பழைய நிழற்படங்களிலிருந்து அளவெடுக்கவும் வழியுண்டு. 1940ஆம் ஆண்டு ஃபோர்டின் எஃகுச் சக்கரம் 16 அங்குலம் என்பது தெரிந்த அளவு. பக்கவாட்டில் எடுத்த படத்தில் அதை அளவுகோலாகக் கொண்டு, காரின் அடிச்சட்டம் (சேஸிஸ்) தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நின்றது, முன்கண்ணாடி எத்தனை அங்குலம் வெட்டிக் குறைக்கப்பட்டது என்று கணக்கிடலாம். ஒரே தளத்தில் உள்ளவற்றை மட்டும் ஒப்பிட வேண்டும். கேமராவுக்கு அருகில் உள்ளது பெரிதாகத் தெரிந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

பிரித்தெடுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எதையும் எறியாதீர்கள். வளைந்த வாஷரைக்கூடப் பையில் போட்டுச் சீட்டு எழுதுங்கள். மணலை வீசித் துருவகற்றும் இயந்திரத்துக்குச் சேஸிஸை அனுப்பும் முன் அதன் எண்ணைப் படமெடுத்து, அந்த இடத்தை மூடிவிடுங்கள்.

ஃபோர்டின் பழைய பிளாட்ஹெட் வி-8 எஞ்சினை வைத்துக்கொள்ளத்தான் வேண்டுமா? அது சூடேறும் என்கிறார்களே?

வைத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஹாட் ராட்டின் குரல் அதுதான். சூடேறுவதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. வால்வுகள் சிலிண்டரின் தலையில் இல்லாமல் பக்கத்தில் பிளாக்கிலேயே அமைந்திருப்பதால், எரிந்த புகை பிளாக்கின் உடல் வழியாகப் பயணம் செய்து வெளிப்பக்கத்துக்கு வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு சிலிண்டர்களுக்கு மூன்றே புகைவாய்கள்; நடுவிலுள்ள இரண்டும் ஒரே வாயைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வெப்பமெல்லாம் நேரே குளிர்நீருக்குள் போய்ச் சேர்கிறது. எனினும் இன்று சூடேறும் எஞ்சின்களில் பல, வடிவமைப்பின் குறையால் சூடேறுவதைவிட நீர்ப்பாதைகளில் எண்பது ஆண்டுகளாகப் படிந்த துருவாலும், வார்ப்பின்போதே உள்ளே தங்கிவிட்ட மணலாலும் கம்பித் துண்டுகளாலும் சூடேறுகின்றன. பிளாக்கை இரசாயனத் தொட்டியில் ஊறவைத்து, பாதை பாதையாகக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்தபின், நல்ல ரேடியேட்டரோடு அது ஒழுங்காக ஓடும்.

ஒரு ரூபாய் செலவழிக்கும் முன், பிளாக்கைக் காந்தப் பொடிச் சோதனைக்கு அனுப்புங்கள். வால்வு அமரும் இடத்திலிருந்து சிலிண்டர் துளையை நோக்கி ஓடும் விரிசல் இவ்வகை எஞ்சின்களின் தீராத நோய். சில விரிசல்களைத் தைத்துச் சரிசெய்யலாம். சிலிண்டருக்குள் இறங்கிவிட்டால் வேறு பிளாக் தேடுவதே புத்திசாலித்தனம்.

வலுவைக் கூட்டுவதிலும் காலத்தோடு ஒட்டிய வழிகள் உண்டு. 1949முதல் 1953வரை மெர்குரி கார்களில் வந்த 4 அங்குல ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறியிறங்கும் தூரம்) கொண்ட கிராங்க் தண்டைப் போருக்குப் பிந்தைய ஃபோர்டு பிளாக்கில் இறக்கி, சிலிண்டரை 3 5/16 அங்குலம்வரை குடைந்தால் 276 கன அங்குலம் கிடைக்கும்; இது அந்தக் காலத்துப் பையன்கள் செய்த கணக்குத்தான். கார்புரேட்டருக்கு ஸ்ட்ராம்பெர்க் 97 இரண்டோ மூன்றோ போதும். 1936முதல் ஃபோர்டு வி-8இல் வந்த இந்தக் கார்புரேட்டர் இன்று புதிதாகவும் தயாராகிறது. எடல்ப்ராக், ஆஃபன்ஹவுசர் நிறுவனங்களின் அலுமினியச் சிலிண்டர் தலைகள் பழையவையாகக் கிடைத்தால், அவற்றைக் கண்ணாடிபோல மெருகேற்றும் முன் பழைய படத்தைப் பாருங்கள். வார்ப்பின் சொரசொரப்போடு மாட்டி ஓட்டியவர்கள் பலர்.

முந்தைய உரிமையாளர் ஷெவர்லே வி-8 மாட்டியிருந்தால்?

ஷெவர்லே அந்த எஞ்சினை 265 கன அங்குலத்தில் 1955 மாடலுக்கு வெளியிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் எண்ணற்ற ஹாட் ராட்களில் பிளாட்ஹெட் இறங்கி இது ஏறியது. நீங்கள் சுவரில் ஒட்டிய நாள் 1957 என்றால் அதுவே சரியான எஞ்சின். 1949 என்றால் அதைக் கழற்றி, அதைத் தாங்கிய சட்டங்களோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.

பிரேக் விஷயத்திலும் பழமையைக் காப்பது ஆபத்தல்லவா?

ஆபத்துத்தான், ஆனால் எந்தப் பழமை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஃபோர்டு 1938வரை கம்பித்தண்டு பிரேக்கையே வைத்திருந்தது. 1939இல்தான் எண்ணெய் அழுத்த பிரேக்குக்கு மாறியது. அந்த டிரம்களும் பிளேட்டுகளும் 1932இன் அச்சிலும் சிறிய மாற்றத்தோடு பொருந்தியதால், போருக்குப் பின் ஓடிய ஹாட் ராட்களில் பெரும்பாலானவை அவற்றையே கொண்டிருந்தன. இன்னும் கொஞ்சம் பணமிருந்தவர்கள் லிங்கன் காரின் 12 அங்குல பெண்டிக்ஸ் பிரேக்கைத் தேடினார்கள். அதில் ஒரு ஷூவின் உந்துதல் மற்ற ஷூவையும் டிரம்மோடு அழுத்துவதால், காலில் கொடுக்கும் விசை பெருகுகிறது. ஃபோர்டின் சொந்த அமைப்பில் அந்த உதவி இல்லை. இரு ஷூக்களையும் கீழ் ஊன்றுமுனைகளில் தனித்தனியே நுணுக்கமாகச் சரிசெய்தால்தான் கார் ஒரு பக்கம் இழுக்காமல் நிற்கும். இந்தப் பிரேக் பிடிக்காது என்று புலம்புகிறவர்களில் பலர் அந்தச் சரிக்கட்டலை ஒழுங்காகச் செய்யாதவர்கள்.

டிஸ்க் பிரேக் மாட்டுவதற்கு நாங்கள் உடன்படுவதில்லை. மட்கார்டு இல்லாத காரில் சக்கரத்தின் உட்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும். அங்கே டிஸ்க்கைக் கண்டதும் மற்ற உழைப்பெல்லாம் மறைந்துபோகும். மாறாக, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தயங்காமல் மாற்றுங்கள். பழைய மாஸ்டர் சிலிண்டரில் ஒரே அறைதான். எங்கேனும் ஒரு குழாய் கசிந்தால் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் போய்விடும். அது தரைப்பலகைக்கு அடியில் ஒளிந்திருப்பதால், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் தனித்தனி அறை கொண்ட புதிய சிலிண்டரை அதே இடத்தில் பொருத்தலாம். குழாய்கள், ரப்பர் ஹோஸ்கள் எல்லாம் புதிதாகவே இருக்கட்டும். ஹோஸின் மேல் கறுப்பு ரப்பர் தெரிய வேண்டும், பின்னப்பட்ட எஃகு உறை வேண்டாம். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. டிரம்மைத் திறந்து காற்றால் ஊதித் தூசி தட்டுகிற பழக்கத்தை அடியோடு விடுங்கள்.

இதே நியாயம் மின்சாரத்துக்கும் பொருந்தும். துணியுறையிட்ட ஒயர்கள் இன்றும் கிடைக்கின்றன, உள்ளே நவீனக் காப்புறையோடு. ஃபியூஸ் பெட்டியை இருக்கைக்கு அடியில் மறைத்துவிடுங்கள்.

வண்ணப்பூச்சு எப்படி இருக்க வேண்டும்?

அக்காலத்தில் நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரும் எனாமலும் பூசினார்கள். லாக்கர் மெல்லிய பூச்சு. பல முறை தெளித்துத் தேய்த்தால்தான் ஒளிரும். அந்த ஒளியில் ஆழம் இருக்கும், கண்ணைக் கூசவைக்காது. இன்றைய யூரித்தேன் பூச்சின் மேல் தெளிவுப் படலம் போட்டால் காரைத் தேன்பாகில் முக்கி எடுத்ததுபோல ஆகிவிடுகிறது. லாக்கரின் கரைப்பான்கள் காற்றை மாசுபடுத்துவதால் கலிபோர்னியாவில் அதைப் பூசக் கடும் கட்டுப்பாடுகள் உண்டு. ஒற்றை அடுக்கு யூரித்தேனைத் தெளிவுப் படலமின்றிப் பூசி, நுண்தாளால் தேய்த்துக் கையால் மெருகேற்றுவது நல்ல சமரசம். பணம் தீர்ந்துபோய்ப் பிரைமரோடு ஓடிய கார் என்றால், அந்தப் பிரைமரே அதன் உண்மையான நிறம்.

பழைய வண்ணம் பாதியாவது மிஞ்சியிருக்கிறதா? அப்படியானால் பூசவே பூசாதீர்கள். மென்மையான சோப்புநீர், மெழுகு, பொறுமை ஆகிய மூன்றும் போதும்.

புதிய வண்ணத்தைத் தேய்த்துப் பழையதுபோலக் காட்டலாமா?

கூடாது. உப்புநீர் தெளித்துத் துருவேற்றுவதும், கதவின் ஓரத்தை மணற்தாளால் தேய்ப்பதும் கள்ளப் பத்திரம் எழுதுவதற்குச் சமம். அறுபது ஆண்டுகள் ஒருவரின் முழங்கை உரசிய இடத்தில்தான் கதவின் வண்ணம் தேயும். அதை ஒரு பிற்பகலில் செய்கிறவர் எப்போதும் தவறான இடத்தில்தான் தேய்க்கிறார்.

சக்கரமும் டயரும்?

நிற்கும் தோரணையில் பாதி இங்கேதான் இருக்கிறது. முன்னால் ஒல்லியான 5.50-16 (அகலமும் சக்கர விட்டமும் அங்குலத்தில்), பின்னால் உயரமான 7.00-16 அல்லது 7.50-16 என்று மாட்டினால் கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கும். முன் அச்சுத்தண்டின் முனைகளைச் சூடாக்கி வளைத்துக் கீழிறக்கிய வேலையும் அப்போதுதான் கண்ணுக்குப் பொருந்தும். ரேடியல் டயரின் பக்கச்சுவர் பிதுங்கி நிற்பது காரின் வயதைக் காட்டிக்கொடுத்துவிடும். பழைய ஃபயர்ஸ்டோன் வடிவங்களை இன்றும் புதிதாகவே வாங்கலாம். கோக்கர் டயர் நிறுவனம் அவற்றை விற்கிறது. ரேடியல் அல்லாத இந்தக் குறுக்கிழை டயர்கள் சாலையின் பள்ளக் கோடுகளைப் பின்தொடர்ந்து அலையும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள். காரோடு வந்த எழுபது வயது டயரை ஒருபோதும் ஓட்டாதீர்கள், காட்சிக்கு வைக்கலாம்.

புதிய எஃகு உடல் வாங்கிக் கட்டினால் அது அசலாகுமா?

ஓஹாயோவிலுள்ள புரூக்வில் நிறுவனம் 1932 ரோட்ஸ்டரின் உடலைப் புதிய எஃகில் அடித்துத் தருகிறது, வேலை நேர்த்தியானது. அதைக்கொண்டு அருமையான கார் கட்டலாம். ஆனால் அதைப் பழைய கார் என்று சொல்லி விற்பது மோசடி. அசலின் அடையாளம் சேஸிஸில்தான் இருக்கிறது: இடப்பக்கச் சட்டத்தின் மேற்பரப்பில், 18 என்று தொடங்கும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வி-8 ஃபோர்டுகளில் எண்ணை எஞ்சின் பிளாக்கில் பொறிக்கவில்லை, கியர்பாக்ஸின் உறையில்தான் பொறித்தார்கள். ஆகவே எஞ்சின் எண் பொருந்துகிறதா என்று கேட்கும் வாங்குபவருக்கு இதை எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கும். சேஸிஸின் எண்ணை அழிப்பதோ திரும்பப் பொறிப்பதோ அமெரிக்காவில் குற்றம்.

சீரமைத்தபின் ஓட்டலாமா, மூடிவைக்க வேண்டுமா?

ஓட்டுவதற்காகவே கட்டப்பட்ட கார் அது. எஞ்சினைச் சிலமுறை சூடேற்றி ஆறவிட்டு, ஒவ்வொரு முறையும் சிலிண்டர் தலையின் நட்டுகளை வரிசைமுறைப்படி மீண்டும் முடுக்குங்கள். அலுமினியத் தலையானால் முழுதும் ஆறியபின் முடுக்க வேண்டும். முதல் முந்நூறு மைல் ஓடியதும் காரின் அடியில் படுத்து எல்லா போல்ட்டுகளையும் சோதியுங்கள். தளர்ந்தது எது என்பதை நாளோடு ஏட்டில் எழுதி, கழற்றிய பழைய பாகங்கள் இருக்கும் பெட்டியிலேயே அந்த ஏட்டையும் வையுங்கள். காரை யாருக்கேனும் கொடுத்தால் பெட்டியும் அதோடு போக வேண்டும்.